பின்வாசலில் மழை சாயும் பக்கம்

படிவத்தை மகள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்,
ஓரத்தில் மைலோ கறை.
பெற்றோர் ஆதரவுக் குழு. விருப்பமிருந்தால் வரலாம்.
விருப்பம் இருந்ததா தெரியாது.
சனிக்கிழமை ஓய்வு இருந்தது.

ஈசூன் பள்ளியின் இரண்டாம் மாடியில்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தேன்.
பதினோரு அம்மாக்கள், நான்.
சட்டையில் ஒட்டிய தாளில் என் பெயர் இல்லை,
"நிவேதனாவின் அப்பா."
அதுவும் சரிதான்.

நூலக அலமாரி, ஆசிரியர் தினப் பூங்கொத்து
என்று பட்டியல் நகர்ந்து என்னிடம் வந்தது.
சியூ பிங் அன்பாகத்தான் கேட்டார்:
"தீபாவளிக்கு ரங்கோலி போடுவீர்களா?"
எனக்குக் கோடு நேராக வராது என்றேன்.
சிரித்தார்கள். நானும்.

அதோடு வாயை மூடியிருக்கலாம்.

பேருந்து ஓட்டுகிறேன் என்றேன், பத்தொன்பது வருடமாக.
எந்த நிறுத்தத்தில் மழை நேராக விழும்,
எதில் கூரைக்கு அடியில் புகுந்து
காலணியைத் தேடி நனைக்கும், தெரியும்.
உங்கள் பின்வாசல் இரண்டாவது வகை.
செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டதும்
பக்கத்துப் பள்ளியில் தமிழ் வகுப்புக்குப் போக
ஏழு பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள்.
வேன் எப்போதும் பத்து நிமிடம் தாமதம்.

என் ஆங்கிலம் நடுவில் இரண்டு முறை நின்று கிளம்பியது.
ஈரக் காலுறைக்குள் விரல் சுருங்கியிருக்க
வல்லினம் எங்கே மிகும் என்று யாருக்கு ஞாபகம் வரும்?
இதை மட்டும் அந்த மொழியில் சொல்லத் தெரியவில்லை,
உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஏர்கான் இரைந்தது.
நூராய்னி பேனாவைத் திறந்து "ஏழா?" என்றார்.
ஏழு. பெயர்களையும் சொன்னேன்.
ஆறுதான் வந்தது.

"பரிசீலிக்கிறோம்" என்றார் துணை முதல்வர்.
அந்தச் சொல்லில் நிறைய முறை ஏறியிருக்கிறேன்,
கடைசி நிறுத்தம் பார்த்ததில்லை.

கூரை இன்னும் நீளவில்லை.
காலை ஷிப்ட் முடிகிற வியாழன்களில்
பெரிய குடையோடு நான் நிற்கிறேன்,
செவ்வாய்க்கு நூராய்னி.
சியூ பிங்கின் மகன் படிப்பது சீனம்.
ஆனாலும் இரண்டு மணிக்கு அவரிடமிருந்து
வாட்ஸாப்பில் மழை வரைபடம் வந்துவிடும்:
ஈசூன் மேலே சிவப்பு.

ஏழாவது பையன் பெயர் ரிஷிகேசன்.
வெயில் கொளுத்திய ஒரு வியாழனில்
"குடை எதுக்கு அங்கிள்?" என்று கேட்டுவிட்டு
அவனே சொன்னான்.
என் மகள்தான்
நான் யாரோ என்பதுபோல்
நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.