இடது கால்

நவம்பரில் புந்தா அரேனாஸில்
இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் போகாது.
காற்று முற்றிய நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அதைப் பிடித்துத்தான் வந்து சேர்ந்தோம்
நிபால்டோவின் டயர் கடைக்கு.
ஒன்பது பேர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கன்ஜோவின் சண்டையைப் பார்க்க உட்கார்ந்தோம்.

கன்ஜோ தோற்றதில்லை.
எழுபத்தொரு அத்தியாயம்.
மலையைத் தோள்கொடுத்து நகர்த்தியவன்,
வாளை உறையிலிருந்து உருவாமலே
ஒரு படையைத் திருப்பி அனுப்பியவன்.
எலியாசர் அவன் முகத்தை
முன்கையில் பச்சை குத்தி மூன்று வாரம்கூட ஆகவில்லை.
பொருக்கு இன்னும் உதிரவில்லை.

எதிரே வந்தவன் ஒரு பொடியன்.
பெயரைக்கூட நாங்கள் மனதில் வைத்திருக்கவில்லை.
பதினாலாவது நிமிடம்
கன்ஜோ விழுந்தான்.
மெதுவாகக்கூட இல்லை, இசையும் இல்லை.
மூட்டை இறக்கியதுபோல், தொப்பென்று.

காற்றடிக்கும் இயந்திரம்
தன்பாட்டுக்கு ஒருமுறை உறுமி நின்றது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்:
முழுப் பலத்தைக் காட்டவில்லை அவன்.
விலாக்காயம் ஆறியிருக்கவில்லையே.
அது அவனே இல்லை, நிழலுரு.
எழுதுகிறவனுக்கு அவன்மேல் என்ன காழ்ப்போ.
யானைக்கு அடி சறுக்கினால்
காடே சாட்சி சொல்ல வந்துவிடுகிறது:
பாறை ஈரம் என்று, பாசி என்று,
அது யானையே அல்ல என்று.

விளாதிமிர் ஒரு ரசீதின் பின்புறத்தில்
கணக்குப் போட்டான்.
வேகம், எடை, பழைய வெற்றிகள்,
கூட்டிப் பெருக்கிக் கழித்து
இது நடக்கவே முடியாது என்று நிரூபித்தான்.
நிரூபித்து முடித்தபோதும்
திரையில் குப்புறத்தான் கிடந்தான் கன்ஜோ.

ஒரியேத்தா படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்,
காயம் மார்பிலா முதுகிலா என்று.
மார்பில்தான்.
அதற்குப் பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

யஸ்னா அதுவரை வாய் திறக்கவில்லை.
நண்டு ஆலையில் ஓடு உடைப்பவள்.
போன வருடம் புவெர்த்தோ மோந்த்தில்
ஜூடோ இறுதிச் சுற்றில்
நாற்பதே நொடியில் தூக்கிப் போடப்பட்டவள்.
அவளுக்காக யாரும் கணக்குப் போடவில்லை.
அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றோம்,
ஒரு எம்பனாடா வாங்கிக் கொடுத்தோம்.
அந்த எம்பனாடா எனக்கு
இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இடது கால்" என்றாள்.
"பார்க்கலையா? திரும்பும்போது குதிகால் தூக்கிருச்சு.
அப்பவே முடிஞ்சுபோச்சு.
அந்தப் பையன் அதுக்குத்தான் காத்திருந்தான்.
நல்லா காத்திருந்தான்."

எழுந்து, டயர் அடுக்குகளுக்கு நடுவே
செய்தும் காட்டினாள்.
எலியாசரின் சட்டைக் கழுத்து, ஒரு அரைச் சுற்று,
அவ்வளவுதான், அவன் தரையில்.
எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.
அவனுக்கு மட்டும் வந்தது.
படுத்தபடியே கையைத் தூக்கி
பொருக்கு முகத்திடம் கேட்டான்:
"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"துரோகம்" என்று எழுந்து போனான் விளாதிமிர்.
பையனைச் சொன்னானா, எழுதியவனையா,
யஸ்னாவையா என்று தெரியவில்லை.
ரசீதை மறந்துவிட்டுப் போயிருந்தான்.
யாரோ ஒருவருடைய நாலு டயர்களின் விலை
அதன் மறுபக்கத்தில் இருந்தது.

பத்தரைக்குக் கலைந்தோம்.
நிபால்டோ படத்தைப் பின்னால் ஓட்டி
விழுவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தினான்.
"காலையில் கடை திறக்கும் வரைக்கும்
இப்படியே நிற்கட்டும்" என்றான்.

ஷட்டர் இறங்கும்போது குனிந்து பார்த்தேன்.
நிமிர்ந்த தோள். உறைக்குள் வாள்.
கண்ணில் பயம் துளிகூட இல்லை.
இடது குதிகால்
தரையை விட்டு எழும்பியிருந்தது,
ஒரு ரசீதை மடித்துச் செருகலாம்,
அவ்வளவு.