பாதி நீர்

செம்புக் குழாயை ஒன்பது முறை
மடக்கிப் பற்றவைத்துக் கொடுத்தார்
முத்தியால்பேட்டை ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஃபெலிசியான்.
"இதுக்குள்ள என்னம்மா ஓடப்போவுது?"
தண்ணீர், என்றேன்.
"மோட்டார் எங்க வைக்கிறது?"
மோட்டார் கிடையாது.
"அப்ப எப்படி ஓடும்?"
அதைத்தான் நான்கு வருடமாக
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்விட்டம் இரண்டு மில்லிமீட்டர்.
இன்னும் அகலமானால்
நீருக்குத் தன் எடை ஞாபகம் வந்துவிடும்,
அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
இந்த ஒடுக்கத்தில் மட்டும்தான்
ஒரு துண்டு நீர், ஒரு துண்டு ஆவி,
மறுபடி ஒரு துண்டு நீர் என்று
ஒன்றையொன்று தாண்ட வழியில்லாமல்
நிற்கும்.
கீழே சூடு, மேலே குளிர்.
நடுவில் ஒரு சாண் கண்ணாடி
நான் எட்டிப் பார்க்க.

கழுத்துவரை நிரப்பிப் பார்த்தேன்,
குமிழிக்குப் புரள இடமில்லை.
கால்வாசி நிரப்பினேன்,
அடிவளைவு வறண்டு
எண் நூற்று நாற்பதைத் தொட்டது;
ஓடிப்போய் அணைத்தேன்.
பாதி என்கின்றன கட்டுரைகள்.
ஏறத்தாழ, என்று ஒரு சொல்லையும்
முன்னால் காவலுக்கு நிறுத்திவிட்டு.

மஞ்சக்குப்பத்தில் நான் ஏறும் பேருந்து
பெண்ணையாறு தாண்டி
முள்ளோடையில் பாதி காலியாகும்.
அதற்குப் பிறகுதான்
கண்டக்டரால் நகர முடிகிறது.

எத்தனாலுக்கு மாறினால்
சீக்கிரம் துடிக்கத் தொடங்கும்.
பாண்டியில் அதற்கா பஞ்சம் என்று
ஊரே சிரிக்கும்.
காலாப்பட்டு ஆய்வகத்துக்கு அரை லிட்டர் வாங்க
ஏழு கையெழுத்து.
ஐந்தாவது ஆள் விடுப்பில்.

நிமிர்த்தினால் கொஞ்சம் அசைவதுபோல் இருக்கும்
படுக்கவைத்தால்
குழாயும் படுத்துவிடும்.
வளைவு இருபதுக்கு மேல் போனால்
சாய்வைப் பொருட்படுத்தாதாம்.
என்னுடையது ஒன்பது.
பில் பாஸானது அவ்வளவு செம்புக்குத்தான்.

கடற்காற்றில் பற்றவைத்த இடம்
பச்சை பூத்து, ஊசிமுனை ஓட்டை.
உள்ளே சிட்டிகைக் காற்று போதும்,
குளிர்முனையில் ஏறி நின்றுகொண்டு
ஆவியைத் திரும்பிப் போ என்னும்.
மறுபடி ஃபெலிசியான்,
மறுபடி வெற்றிட பம்ப்,
மறுபடி பாதி.

வியாழன் மாலை, நாற்பது வாட்.
மூன்று மணி நேரம்.
கண்ணாடிக்குள் ஒரு நீர்த்துண்டு
சொன்ன இடத்திலேயே நின்றது.
திரையில் வெப்பக் கோடு
ரூல் வைத்துப் போட்டதுபோல் ஏறிக்கொண்டே போனது.
எட்டே காலுக்கு மழை.
கரண்ட் போனது.
இருட்டில் முறுக்கு தின்றேன்.
குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பவேண்டும் என்பது
நெறிமுறையின் மூன்றாம் வரி.
திருப்பவில்லை.

எட்டரைக்கு வந்த மின்சாரம்
சும்மா வரவில்லை,
விளக்குகளை வெளுக்கவைத்துக்கொண்டு வந்தது.
அடிவளைவில் 'டிக்' என்றொரு ஒலி.
நீர்த்துண்டு விருட்டென்று மேலே பாய்ந்து
குளிரைத் தொட்டுத் திரும்பியது.
பக்கத்துக் கால் அதை வாங்கி
அடுத்ததைத் தள்ள,
ஒன்பது வளைவும் ஒன்றுக்கொன்று
இடம் விட்டன, இடம் பிடித்தன.
தொண்ணூற்றாறு எழுபத்தொன்றாக இறங்கியது.
நேர்க்கோட்டுக்குப் பல் முளைத்தது.

கை நடுங்க மெல்லக் குறைத்தேன்.
நாற்பதில் கிளம்ப மறுத்தது
நாற்பதிலேயே ஓடிக்கொண்டிருந்தது,
விடியும்வரை.
கிளப்பும் சூடு வேறு,
ஓட்டும் சூடு வேறு.

இதை அட்டவணையில் எங்கே வைப்பது?
விட்டம், நிரப்பு, சாய்வு,
வளைவு, திரவம், வாட்
என்று தலைப்பு போட்டாயிற்று.
மின்துறைக்குக் கட்டம் இல்லை.

காலையில் ஃபெலிசியான் போன் பண்ணினார்.
"ஓடுச்சா?"
ஓடுச்சு.
"மோட்டார் இல்லாம?"
கரண்ட் போய் வந்த வேகத்துல ஓடுச்சுண்ணே.
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சிரித்தார்.
"என் பொழப்பும்
அதுலதாம்மா ஓடுது."