சத்தம் போதாது

பிலோமினா கடைக்கு வந்தபோது
பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தேன்.
அஸ்தம்பட்டியில் ஐந்து மணிக்கு மேல்
தட்டுவடை செட்டுக்கு நிற்கிற கூட்டத்தில்
முகம் பார்ப்பதில்லை நான், கையைத்தான் பார்ப்பேன்:
எத்தனை விரல், சில்லறை இருக்கிறதா.
அந்தக் கை இரண்டு விரல் காட்டியது.
சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

அதை வளைத்தது நான்.

இரண்டாயிரத்து இரண்டு, மாவட்டப் போட்டி,
நாற்பத்தொன்பது கிலோவுக்குள்.
ஸ்டேடியம் கிடைக்காமல் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.
மேடைமேல் முந்தின நாள் மணமக்கள் பெயர்
தெர்மாகோலில் பாதி பிய்ந்து தொங்கியது.
நான் நீலம், அவள் சிவப்பு.
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் வாந்தியெடுத்து வந்தவள்
சட்டியில் பொரி மாதிரித் துள்ளினாள்.
முதல் சுற்றிலேயே என் உதையைத் தடுக்க வந்து
விரலைக் கொடுத்தாள்.
கட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

மின்னணுக் கவசமெல்லாம் அப்போது எங்களுக்குக் கிடையாது.
மூலைக்கொரு நாற்காலி, மூன்று பேர்,
கைக்கொரு பொத்தான்.
இரண்டு பேராவது ஒரே நொடியில் அழுத்தினால்தான்
பட்ட உதை பட்டதாகும்.
ஆள் பற்றாக்குறை.
பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்களையே உட்காரவைத்துவிட்டார்கள்.
ஒரு மூலையில் எங்கள் லோகிதாசன் மாஸ்டர்.
எதிரே அவளுடைய ஸ்டெல்லா மிஸ்.
மூன்றாமவர் நாமக்கல்காரர், பெயர் தெரியாது,
ஒரு கையில் டீ.

மூன்றுக்கு மூன்று. ஒன்பது நொடி பாக்கி.
டோலியோ சாகி, வலது கால்.
அவள் விலாவில் இறங்கியதை
என் புறங்கால் இன்னும் வைத்திருக்கிறது,
ஈரச் சாக்கில் அடித்த மாதிரி.
பலகையில் எண் நகரவில்லை.
நான் பலகையைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
அந்த இடைவெளியில் வந்த உதைக்கு
மூன்று பேரும் அழுத்தினார்கள்.

டிவிஎஸ் ஃபிஃப்டியில் கொண்டுவந்து விடும்போது
மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை.
குகையில் நிறுத்தித் தட்டுவடை வாங்கித் தந்தார்.
தின்றேன். கோபத்திலும் பசிக்கும்.
மறுநாள் அடிவாரத்துக்கு ஓடப் போகவில்லை.
பதினோரு நாள் போகவில்லை.
பன்னிரண்டாம் நாள்
எதற்குப் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

"ஒரு வாரம் இருமக்கூட முடியலடி" என்றாள் பிலோமினா,
சிவந்த உதட்டைத் துடைக்காமல்.
"பஸ்லயே மிஸ் சொல்லிட்டாங்க.
அந்தப் பொண்ணு உதைச்சது பட்டுச்சு, நான் அழுத்தினேன்,
மெடலை வச்சுக்கோ, பெருமை பேசாதன்னு.
இப்ப மிளகு டப்பாவுல கெடக்கு.
உங்க மாஸ்டர் மட்டும்…"
மலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடித்தது.
பாக்கியை விழுங்கிவிட்டு ஓடினாள்.
இன்னமும் வேகம்தான்.

மாஸ்டர் வியாழன்தோறும் வருவார்.
மூட்டு மாற்றிய கால், ஸ்டூலைத் தள்ளிப் போட வேண்டும்.
பூண்டுச் சட்னி கூட, காரச் சட்னி குறைவு.
காசு நீட்டுவார், நான் வாங்கமாட்டேன்.
எட்டு வருடமாக இது ஒரு பயிற்சி மாதிரி நடக்கிறது.

இந்த வியாழன் கேட்டேன்.
வாயிலிருந்ததை மென்று முடித்தார்.
அது மொறுமொறுவென்று நெடுநேரம் கேட்டது.

"சத்தம் கேட்டுச்சு.
உன் காலாச்சே, இன்னும் சத்தமா விழணுமேன்னு
நெனச்சுட்டேன்."

அடுத்த ஆளுக்கு வெங்காயம் தூவினேன்.

"வேற யார் கால்னாலும்
அழுத்தியிருப்பேன்மா."

நாற்பது ரூபாய் மாஸ்டர் என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார்.
ஸ்டூலைப் பிடித்து எழுந்தார்.
இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து,
களத்தில் நடுவர் சொன்னதும் குனிவோமே, அந்த அளவு,
தலையைத் தாழ்த்தினார்.
பிறகு சட்டைப் பையைத் துழாவினார்.

இரண்டு ரூபாய் குறைந்தது.
கையை நீட்டியபடியே நின்றேன்.
தேடி எடுத்துக் கொடுத்தார்.