பதிலுக்குப் பாடமில்லை

விமானச் சீட்டின் முதுகில் ஏழே வரி.
‘பெராப்பா’ என்றால் என்ன விலை.
நம் பகரத்துக்கு இரண்டு குரல் என்பதால்
அதிரவேண்டியதன் கீழே ஒரு கோடு.
பினாங்கு வரும்வரை முணுமுணுத்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் ஜெபமென்று நினைத்து
மரியாதையாய்க் காலை மடக்கிக்கொண்டார்.

சூலியா தெருமுனையில் பழம் நறுக்குகிறவள்.
‘தி மானா ஜெட்டி?’
(படகுத்துறைக்கு இங்கே அதுதான் பெயர்.
சொல்ல எனக்குத்தான் கூச்சம்.)
உச்சரிப்பு அவ்வளவு சுத்தம் போல,
நம்பிவிட்டாள்.
இடக்கை, வலக்கை, ஒரு சிரிப்பு,
நடுவே எதையோ என்னிடமே கேட்டாள்,
மறுபடி மழை.

கேட்கத்தான் படித்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கு ஆட்டிய
அதே தலையை ஆட்டிவிட்டு
தப்பான பக்கம் நடந்தேன்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.
அன்னாசிச் சாறு சொட்டும் விரல்களால்
முழங்கையைப் பிடித்துத் திருப்பி
கடல் இருந்த பக்கமாய் நிறுத்தினாள்,
கோணலாய் நட்ட கம்பத்தை நிமிர்த்துவதுபோல்.

‘திரிமா காசே.’
‘சாமா சாமா’ என்றபடி போய்விட்டாள்.

ஏழு வரியில் அது இல்லை.
எட்டாவதாய் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
சட்டைக் கையில் ஈ மொய்க்க,
படகு கிளம்புகிறது.