ப்ரோன்

கோட்டைப் பகுதி, மூன்றாம் மாடி, காப்பீட்டு அலுவலகம்.
எனக்கு இங்கே பிரீமியக் கணக்கு மட்டும்தான் வேலை.
தமிழ் பேசும் யாராவது அழுதுகொண்டு வந்தால்
நாற்காலியோடு இழுத்து வந்து
எதிரே உட்கார வைப்பார்கள்.

பவுன்தாய் பால் கவருக்குள்ளிருந்து
இரண்டு தாள்களை எடுத்தாள்.
ஒன்று போலீசாருடையது:
வடாலாவில், சாரத்தின் கீழே,
ஆவுடையப்பன், வயது நாற்பத்தொன்று,
'ப்ரோன்' நிலையில் கிடந்தார்.
மற்றது எங்களுடையது:
இறந்தவர் 'ப்ரோன்' என்று அறிக்கையே சொல்கிறது,
அடிக்கடி விழும் இயல்பை மறைத்திருக்கிறார்,
ஆகவே தொகை இல்லை.

"அது என்ன வார்த்தை தம்பி,
ரெண்டு தாள்லயும் கோடு போட்டிருக்கு?"

குப்புற, என்றேன்.
முகம் மண்ணுக்கு, முதுகு வானத்துக்கு.
அதே சொல்லுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு.
விபத்துக்கு ப்ரோன், வெள்ளத்துக்கு ப்ரோன்,
ஒன்றின் பக்கம் எப்போதும் சாய்ந்தே இருப்பது.
ஆடி பிறந்தால் இந்த ஊரே அப்படித்தான்,
தாதரில் தண்டவாளம் தெரியாது, குர்லாவில்...
அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சுர்வே சாருக்கு ஒரு குறிப்பு எழுதினேன்:
'முதல் தாளில் உள்ளது கிடந்த விதம்.
குணம் அல்ல.
சொல்லுக்குப் பின்னால் "டு" இல்லை, கவனிக்கவும்.'
எங்கள் மொழியில் இந்தக் குழப்பமே வராது
என்றும் எழுதினேன்.
மல்லாக்க, குப்புற, ஒருக்களித்து.
உடம்பு எப்படிக் கிடக்கிறதோ அவ்வளவுதான்.
எழுதிய மை காய்வதற்குள்
குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத
அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தான்.
கடைசி வரியை அடித்துவிட்டேன்.
ரேஷன் அட்டைப் படத்தில்
ஆவுடையப்பனுக்கு மீசை இருந்தது.

"குப்புறவா?"
அவள் இன்னும் அங்கேயே நின்றாள்.
"ஆண்டாப் ஹில்ல எங்க ரூம் பத்துக்கு எட்டு.
ஆறு பேரு. எல்லாரும் ஒருக்களிச்சுத்தான்.
ஒருத்தர் புரண்டா
மத்த அஞ்சு பேரும் புரளணும்.
பதினாறு வருசத்துல அவுக குப்புறப் படுத்து
நான் பாத்ததே இல்ல.
வேற யாரையோ பாத்து எழுதியிருக்காவ."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்திருந்தது,
அதைத் தேடுவதுபோல் மேசை அறையைத் துழாவினேன்.

"அங்கன எடம் நெறைய இருந்துச்சோ?"
கேட்டது என்னிடமா, தாளிடமா, தெரியவில்லை.
உயரம் எழுதியிருந்தார்கள், ஐம்பத்திரண்டு அடி.
அகலத்தை யாரும் அளக்கவில்லை.

சுர்வே சார் சாப்பிடப் போயிருந்தார்.
இரண்டரைக்கு வருவார், உட்காருங்கள் என்றேன்.
ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு, ஒருவரும் இல்லை.
அவள் ஓரத்தில்
ஒரு தோளைச் சுவரில் ஒட்டி
உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி
மற்றவர்களுக்கு இடம் விட்டு
உட்கார்ந்தாள்.