மூன்றாம் தவணை

சுவர் லோ தவுக்கேயின் இரும்புக்கடையுடையது.
முப்பத்தெட்டு அடி நீளம், பதினாறு உயரம்,
நடுவில் குளிர்சாதனக் குழாய் ஒன்று
ஓயாமல் சொட்டுகிறது.
மாவட்ட மன்றத்தின் கடிதத்தில் குழாய் இல்லை.
பால்வெட்டும் பெண் ஒருத்தி,
செம்பருத்தி, உதயசூரியன்,
மகிழ்ச்சி.

மகிழ்ச்சிக்கு மட்டும் அளவு குறிப்பிடவில்லை.

முதல் தவணை, ஆயிரத்து இருநூறு வெள்ளி,
சாரக்கட்டு வாடகையிலும் அடிப்பூச்சிலும் கரைந்தது.
பாசி சுரண்ட இரண்டு நாள்.
சுரண்டினால் சோப்பு விளம்பரத்தில் பாதி,
எந்தத் தேர்தலோ, அதன் சின்னத்தில் கால்,
எல்லாவற்றுக்கும் மேலே புத்தம்புதிதாய்
'அவசரப் பணம், ஜாமீன் வேண்டாம்'
வட்டிக்காரனின் ஒட்டுத்தாள்.
கிழித்தேன். பசை நின்றுவிட்டது.

சாக்பீஸ் நூலடித்துக் கட்டம் போட்டேன்.
தாளில் ஒரு விரற்கடை, சுவரில் ஓர் ஆள்.
சாரத்தின் மேல் நிற்பவளுக்கு
மூக்கு தெரியும், முகம் தெரியாது.
இறங்கி, சாலை தாண்டி ஓடி,
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும்வரை காத்து,
பார்த்து,
திரும்ப ஓடிவந்து ஏறினேன்
ஒரு புருவத்துக்குப் பதினேழு தடவை.

புவான் ரொஹாயா கைப்பேசியில் படமெடுத்து
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.
'சிரிக்கட்டுமே. நிறமும் கொஞ்சம் தூக்கலாக.'
விடிகாலை நாலரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
யார் சிரிப்பார் புவான் என்று
நான் கேட்கவில்லை.
இரண்டாம் தவணை அவர் கையெழுத்தில் இருந்தது.
பல் வரைந்தேன். எட்டுப் பல்.
நிறத்தைத் தொடவில்லை.
'காய்ந்தால் வெளுத்துவிடும்' என்றேன்.
இந்தச் சாயம் காய்ந்தால் கருக்கும்.

கையுறை ஆலை வேன் வேகத்தடையில் தயங்கியது.
ஜன்னலில் ஒருத்தி, சீருடையில்
கமலவேணி என்று பெயர் தைத்திருந்தது:
'அக்கா, வெட்டு தப்பு!
இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ.
உங்க மரத்துல பால் வராது!'
வேன் முழுக்கச் சிரிப்பு.
மன்றம் கேட்டது அதைத்தானோ என்னவோ.
அன்றிரவு கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு
மரத்தின் காயத்தைத் திருப்பி எழுதினேன்.
மறுநாள் வேன் ஹார்ன் அடித்துப் போனது.

சாரம் பிடிக்க வந்த ரஃபிகுல்
நான்கு வருடமாய் இங்கே குலை அறுப்பவன்.
'இந்த மரம் எந்தப் பக்கம் இருக்கு?'
என்று மலாயில் கேட்டான்.
எந்தப் பக்கம் என்று காட்டுவது.
தூரிகையைத் தண்ணீரில் அலசினேன்,
ஏற்கெனவே அலசிய தூரிகையை.

குழாய்க்கு அடியில் மங்கு வரைந்திருந்தேன்,
சொட்டு வந்து விழட்டுமென்று.
கணக்கு தவறிவிட்டது.
ஒரு சாண் தள்ளி
அவள் வலது பாதத்தில் விழுகிறது.
தீபாவளிக்குள் கட்டைவிரல் போய்விடும்.

திறப்புவிழா மூன்று முறை தள்ளிப்போனது.
சட்டமன்ற உறுப்பினருக்கு ஒருமுறை காய்ச்சல்,
ஒருமுறை கோலாலம்பூர்,
ஒருமுறை காரணமில்லை.
திறந்தால்தான் மூன்றாம் தவணை.
நீலத் தார்ப்பாய்க்குள் நிற்கிறாள்,
எட்டுப் பல்லையும் காட்டிக்கொண்டு
இருட்டுக்கு.

சாயத்துக்கு லோ தவுக்கேயிடம் அறுநூற்று நாற்பது கடன்.
அவர் கேட்பதில்லை.
நான் கோப்பி வாங்கக் கடந்தால்
கணக்குப் புத்தகத்தை
என் பக்கமாகத் திருப்பி வைக்கிறார்.

நேற்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன்.
அவளுடைய பால்வாளியின் மேல்
பசை காயாமல்
அதே ஒட்டுத்தாள்.
வாளியின் வளைவுக்கு இசைய, கொஞ்சமும் கோணாமல்,
கைதேர்ந்தவன் ஒட்டியிருக்கிறான்.

ஓரத்தில் நகத்தை வைத்தேன்.
எண்ணைப் படித்தேன்.
நகத்தை எடுத்துவிட்டேன்.