அபேட்சை

தாளின் தலையில் ‘அபேக்ஷ’ என்று அச்சாகியிருந்தது.
விண்ணப்பம்னு அர்த்தம்க்கா, என்றான் ஜெராக்ஸ் கடைப் பையன்.
எங்கள் பழம்பேச்சில் அபேட்சை என்றால் ஆசை.
கட்டம் கட்டமாக ஆசைப்படச் சொல்கிறார்கள்,
நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

எழுதினேன்:
ச. பிலவேந்திரம்மாள், செயலாளர்.
தொழில், கோழித்தீவன மில்லில் மூட்டைக் கணக்கு.
நோக்கம், எருத்தேன்பதிக்குக் கிழக்கே
தமிழில் ஒரு தொடக்கப்பள்ளி.

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும்.
ஆறு பேர் ஒரே ராத்திரியில் சேர்ந்தார்கள்.
ஏழாவது, டேங்கர் லாரி ஷேக் மதார்,
பிள்ளை குட்டி இல்லாதவர்.
‘எனக்கு இதிலென்ன’ என்று கேட்டுக்கொண்டே
பேனாவை வாங்கினார்.

வில்லேஜ் ஆபீஸில் ஆதாரம் எங்கே என்றார்கள்.
நான் ஆதாரத்தோடு பேசினேன்:
அறுபத்து மூன்று பிள்ளைகள்,
காலையில் ஒரே பஸ், மழை பெய்தால் அதுவும் இல்லை,
அந்தப் பக்கம் படித்தால் இந்தப் பக்கம் வெளிமாநிலம்,
இந்தப் பக்கம் படித்தால் தமிழுக்கு வாத்தியார் கிடையாது.
அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.
ஆதாரம் என்றால் அங்கே நிலப் பத்திரம்.

நிலமேது. புளிக் கிடங்கு ஒன்று, முப்பது வருடக் குத்தகை.
ஓலை கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.
கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் அடைத்து
பாலக்காடு வரை மடியில் வைத்துப் போனேன்.
கைக்குழந்தைக்கு இடம் விடுவதுபோல்
பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.
புளோரைடு அதிகம், பிள்ளைகளுக்கு ஆகாது என்று முடிவு வந்தது.
நாற்பது வருடமாக நாங்கள் குடிப்பது அதைத்தான்.

பிறகு அந்த மூன்று கிலோமீட்டர் வட்டம்.
சர்வேயர் காம்பஸ் முள்ளைக் கிடங்கின் மேல் குத்திச் சுழற்றினார்.
உள்ளே வேறு பள்ளி இருந்தால் காரணம் எழுத வேண்டும்.
பென்சில் செக்போஸ்ட்டைத் தாண்டியதும்
வரைபடம் வெறும் வெள்ளை.
அந்த வெள்ளைக்குள் ஒரு பள்ளி இருக்கிறது.
நான் அஞ்சாவது வரை படித்தது அங்கே.
கிழக்குக் காற்றடித்தால் அதன் மணி கிடங்குக்கே கேட்கும்.
‘சொல்லணுமா சார்?’
‘கேட்டா சொல்லுங்க.’
அதையும் பென்சிலில் சொன்னதுபோல்தான் சொன்னார்.

பதினான்காம் இனம்: சரிவுப் பாதை, ஒன்றுக்குப் பன்னிரண்டு.
வாசல் உயரம் இரண்டடி.
ஆக, இருபத்து நான்கடி சிமெண்ட்.
‘சக்கர நாற்காலியில யாரு வரப்போறா’ என்றான் கொத்தனார் மயில்சாமி.
யாருமில்லை, சட்டம் வருகிறது, என்றேன்.
அப்போதுதான் அம்சவேணி வாய் திறந்தாள்,
என்னோடு மூட்டை தைப்பவள், சங்கத்தின் பொருளாளர்.
வீட்டில் ஒருத்தி இருக்கிறாளாம்.
பத்து வயது. பேர் தாரணிகா.
கணக்கெடுப்புக்கு நாங்கள் இரண்டு முறை போன வீடு.
இரண்டு முறையும் டீ குடித்துவிட்டு வந்தோம்.

அடித்தல் கூடாத தாளில்
மூன்றை அடித்து நான்கு எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

ரசீதில் விழுந்த முத்திரைக்கு இப்போது நாலு மாதம்.
அனுமதி வரும்வரை பலகை கூடாது,
வகுப்பு கூடாது, கதவு திறக்கக் கூடாது.
சிமெண்ட் மட்டும் காய்ந்துவிட்டது.

சாயங்காலம் அம்சவேணி அவளைத் தள்ளிக்கொண்டு வருகிறாள்.
இருபத்து நான்கடி ஏறி,
பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு
இறங்குகிறாள் தாரணிகா.
தங்கள் முறைக்கு வரிசையில் நிற்கின்றன மற்றதுகள்.
நேற்று ஏறும்போது அடி அடியாக எண்ணினாள், சத்தமாக.
பதினொன்றை விட்டுவிட்டாள்.
வரிசை மொத்தமும் ‘பதினொண்ணு’ என்று கத்தியது.

ரசீதைத் திருப்பி
பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்,
இது வகுப்பில் சேருமா என்று.